நேஷனல் வேறே... சிட்டிசன் வேறே!

நடுவர் அவர்களே! அகராதியைக் கையோடு கொண்டுவந்து மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே!   

‘ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கற்றுத் தருவது அகராதியா, அனுபவமா?’ இதுதான் தலைப்பு. நான் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நியாயமாப் பார்த்தா நான் அந்தப் பக்கம் போய் உட்காரணும். ஏன் போகலைன்னு கேட்டீங்கன்னா, எங்கம்மா சின்ன வயசுலயே சொல்லியிருக்காங்க: “அகராதி பிடிச்சவங்க கூடச் சேராதேடி!” (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, நான் நிறைய சொற்களை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. இரண்டே இரண்டு சொல். ஒன்று, ‘நேஷனல்’. இன்னொன்று, ‘சிட்டிசன்’. இரண்டும் ஒண்ணுதானேன்னு தோணும். ஒண்ணு இல்லை என்பதை எனக்கு அகராதி சொல்லித் தரவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணை சொல்லித் தந்தது.

எனக்கு ஊர் பூவம். காரைக்கால் மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகிற சாலையில் இருக்கிறது. நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. இந்தப் பக்கம் புதுச்சேரி அரசு. காரைக்காலுக்குக் கிழக்கே கடல். மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தரங்கம்பாடியில் டேனிஷ்காரன் கோட்டை கட்டியிருந்தான். 1845-இல் பிரிட்டிஷ்காரனிடம் விற்றுவிட்டுப் போய்விட்டான். எங்கள் பக்கம் காரைக்காலில் 1739-இலேயே பிரெஞ்சுக்காரன் வந்து உட்கார்ந்துவிட்டான். ஆக, ஆற்றுக்கு அந்தக் கரையில் இருந்தவர் ஒரு ராஜ்யம், இந்தக் கரையில் இருந்தவர் இன்னொரு ராஜ்யம். நடுவில் ஓடுகிற தண்ணிக்கு மட்டும் எந்த ராஜ்யமும் கிடையாது.

‘சிட்டிசன்’ என்பதற்குத் தமிழில் என்ன? குடிமகன். எங்க ஊர்ப் பக்கம் அந்த வார்த்தையைச் சொல்லவே பயமா இருக்கு ஐயா! சாயங்காலமானா பாலத்தைத் தாண்டி வர்றவங்கள்ல ‘குடிமகன்கள்’ கொஞ்சம் அதிகம். (பலத்த சிரிப்பு) அவங்களுக்குப் பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். திரும்பிப் போறப்ப நடக்கத் தெரிஞ்சா போதும்!

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்கள் வீடு கூட்டுக் குடும்பம். எங்கப்பா விவசாயி. பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்க பக்கத்துல அவங்களைச் ‘சொல்தா’ன்னு சொல்வாங்க. பெரியப்பா மகன் எனக்கு ஒரு வயசு மூத்தவன். அவனையும் என்னையும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். படிவத்தில் ‘நேஷனாலிட்டி’ என்று ஒரு கட்டம். எனக்கு நேரே ‘இந்தியா’ என்று எழுதினார்கள். அண்ணனுக்கு நேரே ‘பிரெஞ்ச்’ என்று எழுதினார்கள். ஒரே வீடு, ஒரே பெஞ்சு, ஒரே தூக்குச்சட்டிச் சோறு. அவன் கேட்டுக்கிட்டு வந்து என்னைக் கேலி பண்ணுவான்: “நீ இந்தியா, நான் பிரெஞ்ச்!” நான் அழுதுகொண்டே அப்பாயிகிட்டப் போய்ச் சொன்னேன். அப்பாயி முறத்தைக் கீழே வைக்காமலே சொல்லிச்சு: “எவன்டி சொன்னது? ரெண்டு பேரும் பூவம்!” (கைதட்டல்)

நடுவர் அவர்களே, அந்தப் படிவத்தில் எனக்கு எழுதியது இலக்கணப் பிழை. அண்ணனுக்கு எழுதியது சரி. இது எனக்கு ஆசிரியை ஆன பிறகுதான் புரிந்தது. ஏன் பிழை என்பதை இப்போது சொல்கிறேன். பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்புகிற தாய்மார்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

எதிரணியினர் நம்புகிற அகராதியை எடுப்போம். சின்ன அகராதி எதிலாவது ‘சிட்டிசன்’ என்று பாருங்கள். ‘ஒரு நாட்டின் நேஷனல்’ என்கிற மாதிரிப் போட்டிருப்பான். சரியென்று ‘நேஷனல்’ என்று பாருங்கள். ‘ஒரு நாட்டின் சிட்டிசன்’ என்று போட்டிருப்பான். முருகேசன் வீடு எங்கேன்னு கேட்டா ராமசாமி வீட்டுக்கு எதிர்ல. ராமசாமி வீடு எங்கேன்னு கேட்டா முருகேசன் வீட்டுக்கு எதிர்ல! நாம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல தெருவுல நிற்க வேண்டியதுதான்.

சொற்களின் வேரைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இரண்டும் லத்தீன் வழி வந்தவை. ‘நேஷன்’ என்பதன் வேருக்குப் ‘பிறத்தல்’ என்று பொருள். ‘நேட்டிவ்’, ‘நேச்சர்’ எல்லாம் அதே வேரில் பிறந்த பிள்ளைகள். ‘சிட்டிசன்’ என்பது ‘சிட்டி’யோடு சேர்ந்தது. நகரத்தில் இருந்துகொண்டு, அந்த நகரத்தின் காரியங்களில் பங்கு உடையவன். ‘சிவில்’, ‘சிவிக்’ எல்லாம் இதன் தாயாதிகள். ஆக ஒன்று பிறப்பைச் சொல்கிற சொல். மற்றது குடியிருந்து பங்கு கொள்வதைச் சொல்கிற சொல். நம் தமிழிலும் பாருங்கள்: குடியிருப்பு, குடித்தனம், குடியேற்றம், குடிமகன். எல்லாவற்றிலும் ‘குடி’ இருக்கிறது. வள்ளுவர் ‘குடிமை’ என்று ஓர் அதிகாரமும் ‘குடிசெயல்வகை’ என்று ஓர் அதிகாரமும் வைத்தார். சிட்டிசனுக்குக் ‘குடிமகன்’ என்று பெயர் வைத்த தமிழன் வேரைத் தெரிந்துதான் வைத்திருக்கிறான்.

இப்போது இலக்கணம். பயப்பட வேண்டாம், நாலே நாலு.

முதலாவது. ‘நேஷனல்’ என்பது பெரும்பாலும் பெயரடை. ‘நேஷனல் ஃப்ளாக்’ என்றால் தேசியக் கொடி. ‘நேஷனல் ஹைவே’ என்றால் தேசிய நெடுஞ்சாலை. அதே சொல் பெயர்ச்சொல்லாகவும் வரும். அப்போது ஓர் ஆளைக் குறிக்கும். ஆளைக் குறிக்கும்போது அது தனியாக வராது. எந்த நாடு என்று கூடவே சொல்ல வேண்டும். ‘ஹி இஸ் எ நேஷனல்’ என்று நிறுத்தினால் கேட்கிறவன் ‘எந்த நாட்டுக்கு?’ என்று காத்திருப்பான். ‘ஹி இஸ் எ ஃப்ரெஞ்ச் நேஷனல்’, ‘ஷி இஸ் அன் இண்டியன் நேஷனல்’ என்று சொன்னால்தான் முழுமை. ‘சிட்டிசன்’ அப்படி இல்லை. தனியாகவும் நிற்கும், எப்போதும் பெயர்ச்சொல்லாகவே நிற்கும். ‘சிட்டிசன் ஃப்ளாக்’ என்று ஒன்று கிடையாது.

இரண்டாவது. இரண்டுக்கும் பின்னால் ‘ஆஃப்’ வரலாம். ஆனால் அந்த ‘ஆஃப்’ எங்கே போகும் என்பதில்தான் சூட்சுமம். ‘சிட்டிசன் ஆஃப் இண்டியா’ சரி. ‘சிட்டிசன் ஆஃப் காரைக்கால்’ என்றாலும் ஆங்கிலம் ஒப்புக்கொள்ளும். ஊரில் வாழ்கிறவர், ஊர்க் காரியத்தில் பங்குள்ளவர் என்று பொருள். ‘சிட்டிசன் ஆஃப் த வேர்ல்ட்’ என்றும் சொல்வார்கள், உலகக் குடிமகன். ஆனால் ‘நேஷனல் ஆஃப் காரைக்கால்’ என்று சொல்ல முடியாது. ‘நேஷனல் ஆஃப் த வேர்ல்ட்’ என்றும் சொல்ல முடியாது. ‘நேஷனல்’ என்பதற்கு ஒரு நாடு வேண்டும். பாஸ்போர்ட் கொடுக்கிற ஓர் அரசு வேண்டும்.

மூன்றாவது, படிவம். ‘நேஷனாலிட்டி’ என்ற கட்டம் உங்களிடம் ‘நீ எப்படிப்பட்டவன்?’ என்று கேட்கிறது. விடை பெயரடையாக வர வேண்டும்: ‘இண்டியன்’. அங்கே ‘இண்டியா’ என்று எழுதினால், ‘உன் குணம் என்ன?’ என்று கேட்டதற்கு ‘பூவம்’ என்று பதில் சொன்ன மாதிரி! இந்தியப் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், ‘நேஷனாலிட்டி: இண்டியன்’ என்றுதான் அச்சடித்திருக்கும். ஆனால் ‘கன்ட்ரி ஆஃப் சிட்டிசன்ஷிப்’ என்று ஒரு கட்டம் இருந்தால், அங்கே நாட்டின் பெயர்: ‘இண்டியா’. கட்டம் மாறினால் விடையும் மாறும். ஐம்பது வருஷத்துக்கு முந்தி என் பெயருக்கு நேரே விழுந்த பிழையை இன்றைக்கும் எத்தனையோ பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

நாலாவது, வினைச்சொல். ‘நேஷனலைஸ்’ என்றால் நாட்டுடைமையாக்குவது. 1969-இல் 14 வங்கிகளை நேஷனலைஸ் செய்தார்கள். மனிதரை நேஷனலைஸ் செய்வதாகச் சொல்வதில்லை. அயல்நாட்டார் ஒருவருக்குக் குடியுரிமை தந்து நம்மவராக்கினால் அது ‘நேச்சுரலைஸ்’. ஒரு பையன் பரீட்சையில், ‘என் மாமா அமெரிக்காவில் நேஷனலைஸ் செய்யப்பட்டார்’ என்று எழுதினான். பாவம், மாமாவை அரசுடைமை ஆக்கிவிட்டான்! (சிரிப்பு) சிட்டிசனுக்கு இப்படி நடைமுறையில் ஒரு வினைச்சொல் கிடையாது. ‘குடியுரிமை பெறுதல்’, ‘குடியுரிமையைத் துறத்தல்’ என்று ‘சிட்டிசன்ஷிப்’ என்ற சொல்லோடுதான் வினை சேரும்.

இவ்வளவும் இலக்கணம். இவ்வளவும் அகராதியிலும் இலக்கணப் புத்தகத்திலும் கிடைக்கும் என்று எதிரணி சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

1954 அக்டோபர் 18-ஆம் தேதி, கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி கைமாறவில்லை. 1956 மே 28-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். நடுவே எட்டு வருஷம், எங்க ஊரை ஆண்டது டில்லி. சட்டப் புத்தகத்தில் எங்க ஜனங்கள் பிரெஞ்சு நேஷனல்கள்!

அந்த ஒப்பந்தம் என்ன சொன்னது? இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே நிலையாகக் குடியிருக்கிறவர்கள் எல்லாரும் இந்தியாவின் ‘நேஷனல்களும் சிட்டிசன்களும்’ ஆவார்கள் என்றது. நடுவர் அவர்களே, கவனியுங்கள். ஒரு சொல் போதாது என்று இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். சட்டம் எழுதுகிறவன் வீண் சொல் போட மாட்டான். கூடவே இன்னொன்றும் சொன்னது. பிரெஞ்சு நேஷனாலிட்டியையே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதைத்தான் எங்க பக்கம் ‘ஆப்ஷன்’ எழுதிக் கொடுக்கிறது என்பார்கள். எழுதிக் கொடுக்காமல் சும்மா இருந்தால் இந்தியர். எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக்காரர். பதினெட்டு வயதுக்குக் குறைந்த, கல்யாணம் ஆகாத பிள்ளைகள் தகப்பன் வழி.

அந்த ஆறு மாதம் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அப்போது கைக்குழந்தை. பெரியப்பா 1946-இல் பட்டாளத்தில் சேர்ந்தார், இந்தோசீனா யுத்தத்துக்குப் போனார், பதினைந்து வருஷம் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பினார். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் திண்ணையில் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருப்பாங்களாம்.

பெரியப்பா சொன்னாராம்: “பதினைஞ்சு வருஷம் அவன் துப்பாக்கியைத் தூக்கியிருக்கேன்டா. பக்கத்துல நின்னவன்லாம் செத்தான், நான் பிழைச்சு வந்தேன். இப்ப அவன் பேரு எனக்கு வேணாம்னு எப்படிச் சொல்றது? பென்ஷன் என்னாகுமோன்னு வேற பயமா இருக்கு.”

எங்கப்பா சொன்னாராம்: “நீங்க துப்பாக்கியைப் பிடிச்சீங்கண்ணே, நான் ஏரைப் பிடிச்சேன். இந்த மண்ணு எந்த நாடோ அதுதான் எனக்கு நாடு. நான் ஒண்ணும் எழுதிக் குடுக்கலை.”

அப்பாயி உள்ளேயிருந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சாம்: “எழுதிக் குடுத்தா உலை ரெண்டாயிடுமா?”

“உலை ஒண்ணுதாம்மா.”

“அப்ப அவனவன் இஷ்டம்போலச் செய்ங்க.” (கைதட்டல்)

பெரியப்பா கையெழுத்துப் போட்டார். எங்கப்பா போடவில்லை. அதோடு, ஒரு வயிற்றில் பிறந்த ரெண்டு பேர் ரெண்டு நாடு. ஊரைவிட்டு யாரும் போகவில்லை. திண்ணை அதேதான், உலை அதேதான்.

அப்படியானால் என்னதான் மாறியது? அதை நான் பார்த்தது 1977 பாராளுமன்றத் தேர்தலின்போது. எனக்கு அப்போது பதினைந்து வயசு. அன்றைக்குக் காலையில் பெரியப்பா முகச்சவரம் பண்ணிக்கொண்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, அப்பாவோடு கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். வாக்குச்சாவடி இருந்த பள்ளிக்கூட வாசல் வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். வாசல் வந்ததும் பெரியப்பா நின்றுவிட்டார். “நீ போயிட்டு வாடா” என்றார். அப்பா உள்ளே போனார். பெரியப்பா எதிரே இருந்த புளியமரத்தடியில் நின்றார். ஊரே அவரைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போகிறது. பூவத்திலேயே பிறந்த மனுஷன், வெளியே நிற்கிறார். அப்பா விரலில் மையோடு வந்தார். ரெண்டு பேரும் திரும்பி நடந்தார்கள். பெரியப்பா தம்பியின் விரலை ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

நடுவர் அவர்களே, அன்றைக்குத்தான் எனக்கு அந்த ரெண்டு சொல்லும் புரிந்தது. ‘நேஷனல்’ என்பது வெளியே நின்று கேட்கிற கேள்விக்கு விடை. எல்லையில், விமான நிலையத்தில், தூதரகத்தில், ‘நீ யார் நாட்டு ஆள்? உனக்கு ஒன்று ஆனால் எந்த அரசு வந்து கேட்கும்?’ என்பார்கள். அதற்குப் பதில் ‘நேஷனாலிட்டி’. ‘சிட்டிசன்’ என்பது உள்ளே வருகிற உரிமை. ஓட்டு, பதவி, அரசு நடத்துவதில் பங்கு. இந்திய அரசியலமைப்பின் 326-ஆம் பிரிவு வாக்காளர் இந்தியச் சிட்டிசனாக இருக்க வேண்டும் என்கிறது. பிறந்த ஊரிலேயே குடியிருந்தும் பெரியப்பா அந்த வாசலைத் தாண்ட முடியாதது அதனால்தான்.

அதற்காக அவருக்கு இந்த நாட்டில் ஒரு பாதுகாப்பும் இல்லையா என்றால், அப்படியும் இல்லை. இங்கே மூன்றாவதாக ஒரு சொல் வருகிறது: ‘பர்சன்’. நம் அரசியலமைப்பு 14-ஆம் பிரிவில், சட்டத்தின் முன் சமத்துவம் எந்தப் ‘பர்சன்’ என்றாலும் உண்டு என்கிறது. 21-ஆம் பிரிவில் உயிரும் உடல்சுதந்திரமும் எந்தப் ‘பர்சன்’ என்றாலும் காக்கப்படும் என்கிறது. பேச்சுரிமை முதலானவற்றைச் சொல்கிற 19-ஆம் பிரிவில் ‘சிட்டிசன்’ என்று சொல்லை மாற்றுகிறது. 2005-இல் வந்த தகவல் உரிமைச் சட்டமும் சிட்டிசனுக்குத்தான் உரிமை என்கிறது. ஒரு சொல் மாறினால் ஒரு கதவு திறக்கிறது, ஒரு கதவு மூடுகிறது. 1789-இல் பிரான்சில் வெளியிட்ட உரிமைப் பிரகடனத்தின் தலைப்பிலேயே ‘மனிதன்’, ‘சிட்டிசன்’ என்று ரெண்டையும் தனித்தனியே வைத்தார்கள்.

‘இதெல்லாம் உங்க பூவத்துக்கு மட்டும்தான்’ என்று எதிரணி சொல்லக்கூடும். பசிபிக் கடலில் அமெரிக்கன் சமோவா என்று தீவுகள் இருக்கின்றன. அங்கே பிறந்தவர்கள் அமெரிக்க நேஷனல்கள். ஆனால் பிறப்பால் அமெரிக்கச் சிட்டிசன்கள் அல்ல. அமெரிக்கப் பாஸ்போர்ட் உண்டு. ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டு இல்லை. ஒரே நாட்டுச் சட்டம், ரெண்டு சொல், ரெண்டு கதி! இந்தியாவில் நம் சட்டம் இப்படி இரண்டு வகுப்பாகப் பிரிக்கவில்லை. இங்கே இந்தியன் நேஷனல் என்றால் சிட்டிசனும்தான். அதனால்தான் நம் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

ரெண்டுமே இல்லாமல் போனவர்களும் உண்டு, ஐயா. அவர்களும் தமிழர்கள்தான். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-இல் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம் போட்டபோது 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பத்து வருஷம் கழித்து 1974-இல்தான் அவர்களை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். தேங்காயைப் பங்கு போடுகிற மாதிரி! தேயிலை பறித்தவளுக்கு ‘நேஷனாலிட்டி’ என்ற கட்டத்தில் எழுத ஒரு சொல் இல்லை. எந்த அகராதி அவளுக்கு அந்தச் சொல்லின் பொருளைச் சொல்லித் தரும்? சொல் இல்லாமல் போனபோதுதான் அவளுக்கு அந்தச் சொல் புரிந்திருக்கும். (கைதட்டல்)

என் அண்ணனுக்கு வருகிறேன். ‘நான் பிரெஞ்ச்’ என்று கேலி செய்தானே, அவன் பிரான்சுக்குப் போய் வேலை பார்த்துக் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டான். சில வருஷத்துக்கு முன்னால் ஓ.சி.ஐ. அட்டை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தான். ஓ.சி.ஐ. என்றால் ‘ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இண்டியா’. திண்ணையில் உட்கார்ந்து அட்டையைக் காட்டினான்: “தங்கச்சி, இப்ப நானும் இந்தியச் சிட்டிசன்தான்!”

நான் சொன்னேன்: “அண்ணே, சொல்லை நம்பாதீங்க. ‘சிட்டிசன்’னு போட்டிருக்கான், ஆனா சிட்டிசன் இல்லை.” 2005-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி இந்த ஏற்பாட்டைப் பரவலாக்கினார்கள். விசா இல்லாமல் வரலாம், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் தங்கலாம். ஆனால் ஓட்டு இல்லை. விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. பாஸ்போர்ட் பிரான்சுடையதுதான். ஆக, அவனுக்கு ‘நேஷனாலிட்டி’ கட்டத்தில் இன்றைக்கும் ‘பிரெஞ்ச்’ என்றுதான் எழுத வேண்டும். அண்ணன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அப்ப அப்பா நின்ன அதே மரத்தடிதானா எனக்கும்?” என்றான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

கடைசியாக ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். எங்கப்பா காலமான பிறகு பெரியப்பாவை நான்தான் கூட்டிக்கொண்டு போய் வருவேன். 2017-இல் பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தல். காரைக்காலிலேயே வாக்குச்சாவடி வைத்திருந்தார்கள். பெரியப்பாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. சவரம் பண்ணி, வெள்ளை வேட்டி கட்டி, ஆட்டோவில் கூட்டிப் போனேன். வாசல் வந்தது. இந்தத் தடவை நான் நின்றுவிட்டேன். உள்ளே போக எனக்கு உரிமை இல்லை. ஆங்கிலம் படித்தவள், பட்டம் வாங்கினவள், பாடம் நடத்தினவள், வெளியே நிற்கிறேன். அவர் தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாக உள்ளே போனார்.

திரும்பி வந்து ஆட்டோவில் ஏறும்போது கேட்டார்: “வெயில்ல ரொம்ப நேரம் நின்னியாம்மா?”

“இல்லை பெரியப்பா, கொஞ்ச நேரம்தான்.”

“நான் கொஞ்சம் அதிக நேரம் நின்னுட்டேன்” என்றார்.

நாற்பது வருஷத்துக்கு முந்தி நின்றதைச் சொல்கிறார் என்று எனக்கு வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் அவரும் போய்விட்டார். அவர் பிறந்த பூவத்து மண் அவரை ‘நீ நேஷனலா, சிட்டிசனா?’ என்று கேட்காமல் ஏற்றுக்கொண்டது.

நடுவர் அவர்களே! அகராதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டிலும் மூன்று இருக்கின்றன. எழுத்துக்கூட்ட, உச்சரிக்க, இலக்கணம் பார்க்க அது வேண்டும். ஆனால் அது ஒரு சொல்லைக் கொண்டுபோய் வாசல்வரைதான் விடும். உள்ளே போகிறவர் யார், வெளியே நிற்கிறவர் யார் என்பதை அனுபவம்தான் சொல்லும். வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளே, ‘நேஷனாலிட்டி’ கட்டத்தில் ‘இண்டியன்’ என்று எழுதுங்கள். விரலில் மை வைக்கிற வயது வரும்போது, மறக்காமல் உள்ளே போங்கள். அந்த வாசலில் நாலு நிமிஷம் நிற்க முடியாமல் ஓட்டுப் போடாதவர்கள், ஒரு மனுஷன் அங்கே நாற்பது வருஷம் நின்றதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லுக்குப் பொருள் கற்றுத் தருவது அனுபவமே, அனுபவமே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 

(நீண்ட கைதட்டல்)